சென்சார் வழியே கிடைக்கும் உயரம்: ஏர் சஸ்பென்ஷன் வாகனங்களுக்கான லிஃப்ட் ராடு

சுருள் ஸ்பிரிங் பூட்டிய நான்கு சக்கர இயக்க வாகனத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டுமென்றால், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சில சமயம் பிரேக் ஹோஸ் வரை கழற்றி மாற்ற வேண்டியிருக்கும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வாகனத்தில் அந்த வேலை எதுவும் வேண்டாம். உள்ளங்கையில் அடங்கிவிடும் நான்கு தண்டுகளை மாற்றினால் போதும், வண்டி தானாகவே எழுந்து நிற்கும். லிஃப்ட் ராடு என்ற பெயரில் விற்கப்படும் அந்தத் தண்டுகளைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். நான் பூட்டி ஓட்டியது லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 வாகனத்தில், நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய வகை. பொருளாகப் பார்த்தால் நன்றாகச் செய்யப்பட்ட பொருள்; வாங்கலாம். ஆனால் அதை எத்தனை மில்லிமீட்டருக்கு வைத்து ஓட்டுகிறோம் என்பதில்தான் நன்மையும் கெடுதலும் பிரிகின்றன. விற்பனை விளம்பரங்கள் சொல்லாமல் விடும் அந்தப் பகுதியையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஏர் சஸ்பென்ஷனில் வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் பைக்குள் அடைபட்ட காற்று. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் சேஸிஸில் ஓர் உயர சென்சார் பூட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து நீளும் குட்டையான கை ஒன்று, சிறு தண்டின் மூலம் சஸ்பென்ஷன் ஆர்முடன் (சக்கரத்தோடு மேலும் கீழும் அசையும் உலோகச் சட்டத்துடன்) இணைந்திருக்கும். வண்டி தாழ்ந்தால் அந்தக் கை ஒரு பக்கமும், உயர்ந்தால் மறுபக்கமும் திரும்பும். அந்தக் கோணத்தைப் படித்துத்தான் கட்டுப்பாட்டுக் கணினி காற்றை ஏற்றுவதா வெளியேற்றுவதா என்று முடிவு செய்கிறது. வண்டி தரையிலிருந்து உண்மையில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கோணம் ஒன்றுதான் தெரியும். தண்டின் நீளத்தை மாற்றிவிட்டால், வண்டி சரியான உயரத்தில் நிற்கும்போதே தாழ்ந்து கிடப்பதாக சென்சார் தகவல் சொல்லும். கணினி காற்றை ஏற்றும். சென்சாரின் கை பழைய கோணத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளும். தராசின் முள்ளை முன்கூட்டியே நகர்த்தி வைத்துவிட்டு எடை போடுவதைப் போன்றது இது: தராசு தன் கணக்கில் சரியாகத்தான் இருக்கிறது, தட்டில் இருப்பதுதான் கூடிப்போகிறது.

தண்டு குட்டையாக வேண்டுமா நீளமாக வேண்டுமா என்பது வாகனத்துக்கு வாகனம் மாறும். சென்சார் மேலே இருந்து தண்டு கீழே உள்ள ஆர்முக்குப் போனால், உயரம் கூட நீளமான தண்டு தேவை. சென்சார் கீழே இருந்து தண்டு மேலே உள்ள ஆர்முக்குப் போனால் குட்டையான தண்டு தேவை. ஒரு வாகனத்துக்குச் செய்த தொகுதியை இன்னொரு வாகனத்தில் பூட்டினால் வண்டி உயர்வதற்குப் பதிலாகப் படுத்துவிடவும் கூடும் என்பதால், வாங்கும்போது மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, தொழிற்சாலை ஏற்கெனவே என்ன கொடுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான்கு சக்கர இயக்க வாகனங்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய ஏர் சஸ்பென்ஷன் 1992-ல் ரேஞ்ச் ரோவரில் வந்தது. 2004-ல் அறிமுகமான டிஸ்கவரி 3-ல் நான்கு சக்கரங்களும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷனோடு அந்த ஏற்பாடு இருக்கிறது. அதன் சாதாரண உயரத்தில் தரை இடைவெளி 185 மி.மீ.; ஆஃப்-ரோடு உயரத்தில் 55 மி.மீ. கூடி 240 மி.மீ. ஆகும். ஆட்கள் ஏறி இறங்குவதற்கு வண்டி 50 மி.மீ. தாழ்ந்து கொடுக்கும். ஆஃப்-ரோடு உயரத்தில் போகும்போது அடிப்பகுதி பாறையிலோ மேட்டிலோ உட்கார்ந்துவிட்டால், கணினி அதை உணர்ந்து இன்னும் கொஞ்சம் உயர்த்திவிடும். இவ்வளவையும் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலை ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறது: ஆஃப்-ரோடு உயரத்தில் வேகம் மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டினால் வண்டி தானாகவே சாதாரண உயரத்துக்கு இறங்கிவிடும்.

இந்த நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொண்டு லிஃப்ட் ராடைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். ராடு எல்லா நிலைகளையும் ஒரே அளவுக்கு மேலே தள்ளுகிறது. 50 மி.மீ. கூடும்படி வைத்தால், சாதாரண உயரம் 235 மி.மீ. ஆகிறது, ஆஃப்-ரோடு உயரம் 290 மி.மீ. ஆகிறது, ஏறி இறங்கும் நிலை, முன்பு சாதாரண உயரமாக இருந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. தொழிற்சாலை 50 கி.மீ. வேகத்துக்குள் மட்டும் அனுமதித்த நிலையில், கிட்டத்தட்ட அதே நிலையில், இப்போது நெடுஞ்சாலை வேகத்தில் போகிறோம். கணினிக்கு இது தெரியாது. அதன் கணக்கில் வண்டி சாதாரண உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் அது எச்சரிக்கவும் செய்யாது, இறக்கவும் செய்யாது. ராடு தரும் உயரத்தைவிட, அது எடுத்துவிடும் இந்த வேக வரம்புதான் பெரிய மாற்றம் என்பது என் கருத்து.

உயரம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியமான கேள்வி. சக்கரம் மேலும் கீழும் அசையும் மொத்தத் தூரம் ஆர்ம்களின் அமைப்பாலும் ஷாக் அப்சார்பரின் நீளத்தாலும் தீர்மானிக்கப்பட்டது; டிஸ்கவரி 3-ல் அது முன்சக்கரத்துக்கு 255 மி.மீ., பின்சக்கரத்துக்கு 330 மி.மீ. ராடு மாட்டினால் இந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிப்பதில்லை. வண்டியை மேலே நிறுத்தும்போது, சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சமிருந்த தூரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறோம். மேலே ஏறுவதற்கான இடம் கூடுகிறது. கீழே இறங்குவதற்கான இடம் அதே அளவு குறைகிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டே போவதுதான் பிடிப்பு. கீழே இறங்கும் தூரம் குறையக் குறைய, பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நேரம் அதிகமாகும்.

சாலையில் ‘வண்டி விறைப்பாகிவிட்டது’ என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். காற்று இறுகிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தாங்க வேண்டிய எடை மாறாததால் பைக்குள் இருக்கும் காற்றழுத்தமும் பெரிதாக மாறுவதில்லை. காற்றின் கன அளவுதான் கூடுகிறது; கன அளவு கூடினால் ஸ்பிரிங் சற்று இளகத்தான் செய்யும். விறைப்பாகத் தோன்றுவது வேறொன்று: வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது, சக்கரம் கீழே இறங்கும் வழியில் ஷாக் அப்சார்பரின் கடைசி எல்லையை முட்டி ‘டொக்’ என்று ஓர் ஓசை எழுப்பும். 50 மி.மீ. அமைப்பில் இந்த முட்டல் முன்பக்கத்தில் தெளிவாகக் கேட்டது, 30 மி.மீ. அமைப்பில் மோசமான சாலையில்கூட அரிதாகத்தான் கேட்டது. நான் ஒரு முடிவுக்கு வருவதற்கு இந்த வித்தியாசமே போதுமானதாக இருந்தது.

இனி பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நான்கு ராடுகளும் அறுகோண வடிவ அலுமினியத் தண்டுகள். இரு முனைகளிலும் எஃகுப் பந்து மூட்டுகள். ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை இருப்பதால், தண்டைக் கழற்றாமலேயே நடுவில் ஸ்பானரை வைத்துத் திருப்பினால் நீளம் மாறும். அளவு சரியானதும் இரண்டு லாக் நட்டுகளையும் இறுக்கிவிடலாம். மூட்டுகளின் மேல் சிறு ரப்பர் உறை உண்டு. இந்த உறை இல்லாத மலிவான தொகுதிகளும் விற்பனையில் இருக்கின்றன. சேறும் மணலும் பந்துக்குள் புகுந்தால் மூட்டு ஆடத் தொடங்கும். மூட்டில் ஆட்டம் வந்தால் சென்சார் சொல்லும் அளவும் ஆடும். கணினி காரணமில்லாமல் காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ரப்பர் உறை இல்லாததை வாங்கவே வேண்டாம். முன்னும் பின்னும் வெவ்வேறு நீளம் என்பதால் எது எங்கே என்று தண்டிலேயே பொறித்திருப்பது நல்ல ஏற்பாடு. உடன் வந்த விளக்கத் தாள் மட்டும் போதுமானதாக இல்லை: பூட்டும் முறை இருக்கிறதே தவிர, பூட்டிய பின் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று ஒரு வரி கூட அதில் இல்லை.

நீளம் மாற்ற முடியாத, 60 மி.மீ. அளவுக்கு உயர்த்தும் என்று சொல்லி விற்கப்படும் நிலையான தண்டுகளும் கிடைக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்டு ஆர்மில் இணையும் இடம் சக்கரத்தைவிட ஆர்மின் அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால், தண்டின் நீளத்தில் செய்யும் சிறு மாற்றம் சக்கரத்தில் பெருகித் தெரியும். அதிலும் ஒரே வண்டியின் இடது வலது சென்சார்கள் கூடச் சிறிது வேறுபட்டே இருக்கும். ஒரே நீளமுள்ள இரண்டு தண்டுகளை இரு பக்கமும் போட்டால், வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அதைச் சரிசெய்ய வழியும் இருக்காது.

பூட்டுவது எளிது. கடினமான பகுதி பழைய தண்டைக் கழற்றுவதுதான், அதுவும் துரு ஏறியிருந்தால். மூட்டின் பக்கவாட்டில் தட்டையான நெம்பியை நுழைத்து மெதுவாகப் பிரிக்க வேண்டும். சென்சாரின் கையை இன்னொரு விரலால் பிடித்துக்கொள்ளாமல் இழுத்தால் அந்தக் கை முறிந்துவிடும், பிறகு சென்சாரையே மாற்ற வேண்டி வரும். அவசரமில்லாமல் செய்தால் ஒரு காலைப் பொழுதுக்குள் நான்கையும் மாற்றிவிடலாம்.

ஆனால் இந்த எளிமைக்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஏர் சஸ்பென்ஷன் வாகனம், இன்ஜினை நிறுத்திய பிறகும் அவ்வப்போது தானாக விழித்து உயரத்தைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் காற்றை இறக்கும். நம் கை வீல் ஆர்ச்சுக்குள் (சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்குள்) சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே இருக்கும்போது வண்டி இறங்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேலும், தண்டைக் கழற்றிய நிலையில் சென்சாரின் கை தற்செயலாகத் திரும்பினால், வண்டி மிக உயரத்தில் இருப்பதாகக் கணினி நினைத்துக் காற்றை முழுவதும் வெளியேற்றிவிடக்கூடும். ஆகவே வண்டியை ஆஃப்-ரோடு உயரத்துக்கு ஏற்றி, சேஸிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டுகளை வைத்து, சஸ்பென்ஷனுக்கான ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். ஜாக்கி மட்டும் போதாது. கதவைத் திறந்து வைத்தால் உயர மாற்றம் நின்றுவிடும் என்பது உண்மைதான். அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவது சரியல்ல.

அளவை வைக்கும்போது, தரையிலிருந்து அளக்காமல் சக்கரத்தின் மையத்திலிருந்து வீல் ஆர்ச்சின் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தமும் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். சமதளத்தில், வழக்கமான சுமையுடன், ராடு மாற்றுவதற்கு முன்பே நான்கு மூலைகளையும் அளந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு நுட்பமும் உண்டு. கணினி குறித்த உயரத்துக்கு மிகத் துல்லியமாக வந்து நிற்பதில்லை. இரு பக்கமும் சில மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்கும். ஆகையால் ஒரு தடவை அளந்ததை வைத்து ராடைத் திருப்பிக்கொண்டே இருந்தால் முடிவே வராது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் வண்டியை ஒரு தடவை முழுக்க ஏற்றி இறக்கி, சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். கணினியைக் கண்டிப்பான துல்லிய நிலைக்குக் கொண்டுபோகும் வசதி டயக்னாஸ்டிக் கருவிகளில் இருக்கிறது. வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடையில் அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

வீல் அலைன்மென்ட் கட்டாயம். தனித்தனிச் சக்கர சஸ்பென்ஷனில் உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சேர்ந்தே மாறும். பழைய அலைன்மென்டுடன் ஓட்டினால் டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேயும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். அலைன்மென்ட் எந்த உயரத்தில் செய்யப்பட்டதோ அந்த உயரத்துக்குத்தான் சரி. அதனால் ராடின் நீளத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு அலைன்மென்ட் எப்போதுமே சரியாக இருக்காது. ஓர் உயரத்தை முடிவு செய்து, அங்கே அலைன்மென்ட் செய்து, அப்படியே விட்டுவிட வேண்டும்.

பூட்டிய பின் அவசியம் செய்ய வேண்டிய இன்னொரு சோதனை, சக்கரத்தை முழுவதுமாகத் தொங்கவிட்டுப் பார்ப்பது. அந்த நிலையில் சென்சாரின் கையும் ராடும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடக் கூடாது. நேர்கோட்டைத் தாண்டினால் கை மறுபக்கம் மடங்கிவிடும். சக்கரம் திரும்ப மேலே வரும்போது ராடோ சென்சாரோ உடையும். மேடுபள்ளத்தில் போய்க்கொண்டிருக்கும்போது இது நடந்தால், தவறான அளவைப் படித்த கணினி சஸ்பென்ஷன் கோளாறு என்று அறிவித்துவிடும். உயரம் தேவைப்படும் இடத்திலேயே உயரம் போய்விடும். அளவுக்கு மீறி உயர்த்தும் அமைப்புகளில்தான் இந்தச் சிக்கல் வருகிறது. அதே தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ், சக்கர வேக சென்சாரின் வயர், டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை ஆகியவை இறுக்கமாக இழுபடாமல் இருக்கின்றனவா என்றும் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

சாலையில் ஓட்டும்போது, 30 மி.மீ. கூட்டிய வண்டி நிதானமாகத்தான் நடந்துகொள்கிறது. வளைவுகளில் சாய்வு சிறிது கூடுகிறது, பக்கக் காற்று சற்று அதிகமாக உணரப்படுகிறது. ஓரிரு நாளில் பழகிவிடும். 50 மி.மீ. என்றால் நிலைமை வேறு. ஈர்ப்பு மையம் உயர்ந்துவிட்ட கனமான வாகனம், திடீரென்று ஒதுங்க வேண்டிய சமயத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது ஓட்டும் கைக்கே தெரிகிறது. நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பும் வண்டி சாதாரண உயரத்தில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு செயல்படுகிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர்கள் அந்த உயரத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்வதை என்னால் ஆதரிக்க முடியாது.

டிரைவ் ஷாஃப்டுகளையும் கவனிக்க வேண்டும். இன்ஜினின் சக்தியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் சேஸிஸோடு மேலே போய்விடுகிறது, சக்கரம் கீழேயே இருக்கிறது. இடையில் உள்ள ஷாஃப்ட் முன்பைவிடச் சரிந்து நிற்கிறது. அந்தச் சரிவான கோணத்திலேயே ஷாஃப்டின் முனையில் உள்ள சிவி ஜாயின்ட் என்ற மூட்டு நாள் முழுவதும் சுற்றுகிறது. தொழிற்சாலையின் ஆஃப்-ரோடு நிலையிலும் இதே கோணம் வரத்தான் செய்யும். ஆனால் அது குறைந்த வேகத்தில், குறைந்த நேரத்துக்கு. நிரந்தரமாக உயர்த்தி நெடுஞ்சாலையில் ஓட்டும்போது ஜாயின்டும் அதன் ரப்பர் உறையும் விரைவில் தேய்வதற்கு வழி உண்டு. ஆர்ம் சேஸிஸில் இணையும் இடத்தில் உள்ள புஷ்களுக்கும் இது பொருந்தும்: பழைய உயரத்தில் இறுக்கப்பட்ட ரப்பர் புஷ், புதிய உயரத்தில் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். கீழ் ஆர்மின் போல்ட்டுகளைத் தளர்த்தி, புதிய உயரத்தில் வண்டி தன் எடையிலேயே நிற்கும்போது திரும்ப இறுக்கிவிட்டால் புஷ் நீடித்து உழைக்கும். அலைன்மென்டுக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

கரடுமுரடான தடத்தில் ராடு தன் விலைக்கு வேலை செய்கிறது. கனமான வாகனங்கள் போய்ப் போய் ஆழமாகிப்போன இரு சக்கரத் தடங்களின் நடுவே மண் மேடு எழும்பி நிற்குமே, அங்கேதான் இதன் பயனை முழுமையாக உணர்ந்தேன். 30 மி.மீ. கூட்டிய அமைப்பில், ஆஃப்-ரோடு நிலையில் தரை இடைவெளி 270 மி.மீ. ஆகிறது, முன்பு அடிப்பகுதி உரசிய மேடு, இப்போது உரசாமல் கடந்துபோகிறது. இந்த இடத்தில் தனித்தனிச் சக்கர சஸ்பென்ஷனுக்கு ஒரு சாதகம் உண்டு. ஒரே இரும்பு அச்சில் இரு சக்கரங்களும் கோத்திருக்கும் வாகனங்களில் சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃபரென்ஷியல் அச்சோடு கீழேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயரைத் தவிர வேறு வழியில்லை. டிஸ்கவரி 3 போன்றவற்றில் டிஃபரென்ஷியலும் உடலோடு சேர்ந்து உயர்கிறது. எனவே அளவுநாடா காட்டும் உயரம் முழுவதும் பயன்படும் உயரமே.

இடது வலது காற்றுப் பைகளை வால்வு மூலம் ஒன்றோடொன்று இணைத்து, ஒரு சக்கரம் மேலே ஏறும்போது மறுசக்கரத்தைக் கீழே அழுத்தும் ஏற்பாடு டிஸ்கவரி 3-ல் இருக்கிறது. லிஃப்ட் ராடு இந்த ஏற்பாட்டைத் தொடுவதே இல்லை. ஏர் சஸ்பென்ஷனைப் பிடுங்கிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போடுகிறவர்கள் இழப்பது இதைத்தான். பாறைத் தடத்தில் இதன் அருமை தெரியும் என்பதால், அந்த மாற்றத்தைவிட ராடு பல மடங்கு மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

பெரிய டயர் போட விரும்புகிறவர்களுக்கு ராடு கிட்டத்தட்ட அவசியமான துணை. தொழிற்சாலை அளவான 255/55 ஆர்19 டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ.; பலரும் தேர்ந்தெடுக்கும் 265/65 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 802 மி.மீ. தரை இடைவெளி இதனால் 19 மி.மீ. கூடுகிறது, வீல் ஆர்ச்சில் டயருக்கான இடமும் அதே அளவு குறைகிறது. ராடு அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: காற்று இறங்கிப்போனாலோ, கோளாறு காரணமாக வண்டி பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் மேலும் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையில்) உட்கார்ந்தாலோ, ராடு தந்த உயரம் முழுவதும் மறைந்துவிடும். அந்த நிலையிலும் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பினால் டயர் எங்கும் உரசாமல் இருந்தால்தான் அந்த டயர் வண்டிக்குப் பொருத்தமானது. ராடின் உயரத்தை நம்பி டயரைத் தேர்ந்தெடுப்பவர், காற்று போன அன்று வண்டியை நகர்த்தவே முடியாமல் நிற்க நேரிடும்.

பைகளுக்குக் காற்றை ஏற்றும் கம்ப்ரஸரைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு தடவை உயர்ந்து நின்றுவிட்டால் அதற்குத் தொடர்ந்து கூடுதல் வேலை இல்லை. ஏறி இறங்கும் நிலையிலிருந்து ஒவ்வொரு தடவை எழும்போதும் தள்ள வேண்டிய காற்று, இரு நிலைகளுக்கு இடையிலான வித்தியாசத்துக்குத்தான். அந்த வித்தியாசம் ராடால் மாறுவதில்லை. கம்ப்ரஸர் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தாலோ, எங்காவது காற்றுக் கசிவு இருந்தாலோ மட்டும், எட்ட வேண்டிய உயரத்தைக் குறித்த நேரத்துக்குள் எட்ட முடியாமல் கோளாறு விளக்கு எரியும். ராடு வாங்குவதற்கு முன் வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவிட்டுக் காலையில் நான்கு மூலைகளையும் பார்த்தால் போதும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் முதலில் அந்தக் கசிவைச் சரிசெய்ய வேண்டும்.

முகப்பு விளக்குகளையும் பார்த்துவிட வேண்டும். முன்னும் பின்னும் சமமாக உயர்த்தினால் ஒளியின் கோணம் மாறாது. முன்பக்கம் மட்டும் கூடிவிட்டால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். தானாகச் சரிசெய்யும் விளக்குகளும் உயர சென்சாரையே நம்புவதால் அவையும் திருத்திக்கொள்ளாது.

லிஃப்ட் ராடுக்கு மாற்று என்று சொன்னால், கணினியிலேயே உயர அளவைத் திருத்தும் டயக்னாஸ்டிக் கருவிதான். கேப் டயக்னாஸ்டிக் நிறுவனத்தின் ஐஐடி டூல் (IIDTool) லேண்ட் ரோவர் வாகனங்களுக்கு நன்கு அறியப்பட்டது. வண்டியின் கணினிகளோடு பேசுவதற்கான ஓபிடி சாக்கெட்டில் செருகி, ஒவ்வொரு மூலையின் அளவையும் எண்ணாகவே மாற்றலாம். திரும்பப் பழைய அளவுக்கு வரலாம். வண்டிக்கு அடியில் போக வேண்டியதில்லை, துருப்பிடித்த மூட்டுகளோடு போராட வேண்டியதில்லை, கோளாறுக் குறியீடுகளையும் அதே கருவியில் படித்துக்கொள்ளலாம். காட்டுத்தடத்தின் தொடக்கத்தில் உயர்த்திக்கொண்டு, சாலைக்குத் திரும்பும்போது இறக்கிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. விலை ராடைவிடக் கூடுதல் என்பது ஒரு தடை. ஆனால் சஸ்பென்ஷன் கணினியோடு பேசும் ஒரு கருவி, ஏர் சஸ்பென்ஷன் வாகனம் வைத்திருக்கும் எவருக்கும் என்றாவது ஒரு நாள் தேவைப்படும். அதை ஏற்கெனவே வைத்திருப்பவர் ராடு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ராடின் பக்கம் இருக்கும் நியாயம் அதன் எளிமைதான்: எந்த எண்ணையும் மாற்றாமல், இரண்டு ஸ்பானர்களால் வேலை முடிகிறது, பழைய தண்டைப் போட்டால் வண்டி பழையபடி ஆகிவிடுகிறது.

புதிய வாகனங்கள் பலவற்றில் இந்தத் தேவையே எழாது. 2019-ல் வந்த புதிய டிஃபெண்டர், ஏர் சஸ்பென்ஷனுடன் 291 மி.மீ. தரை இடைவெளியைத் தொழிற்சாலையிலிருந்தே தருகிறது. சாதாரண நிலையிலிருந்து 75 மி.மீ. உயரும், மிகக் கடினமான இடத்தில் மேலும் 70 மி.மீ. உயரும். ஆர்ம், ஷாஃப்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் அந்த உயரத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அதன் மேல் இன்னொரு ராடைப் போட்டு உயர்த்துவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. பழைய வாகனங்களில்தான் இந்தப் பொருளுக்கு இடம்.

வாங்குகிறவர்கள் நீளம் மாற்றக்கூடிய, ரப்பர் உறையுள்ள, இரு முனை மரை கொண்ட தொகுதியை வாங்கி, 25 முதல் 30 மி.மீ.க்குள் வைத்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் தேவைப்படும் இடத்தில் உயரத்தை மாற்றும் ஸ்விட்சால் ஆஃப்-ரோடு நிலைக்குப் போனால் மீதி 55 மி.மீ. வரத்தான் போகிறது, தொழிற்சாலை வைத்த வேக வரம்போடு சேர்ந்தே. காப்பீட்டு நிறுவனத்திடம் இந்த மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வாகன மாற்றம் பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறுவதால் அதையும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். கழற்றிய நான்கு பழைய தண்டுகளைத் துடைத்து, எது எந்த மூலை என்று எழுதி, வண்டியிலேயே ஒரு பையில் போட்டு வைத்திருப்பது நல்லது. வழியில் புதிய ராடின் மூட்டு கழன்றாலோ உடைந்தாலோ, அந்த மூலையில் பழைய தண்டைப் பூட்டி, அதே அச்சின் மறுபக்கத்திலும் பழையதையே பூட்டி, மெதுவாக வீடு வந்து சேரலாம். சேற்றுத் தடத்திலிருந்து திரும்பிய ஒவ்வொரு தடவையும் லாக் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டால் போதும். வேறு பராமரிப்பு எதுவும் இதற்குத் தேவையில்லை.